நாசிக் திராட்சையின் வேர் டெக்சாஸில்: சுண்ணாம்பு மண்ணுக்குச் செடி தேடிய தாமஸ் மன்சன் யார்?

பிப்ரவரியில் மாட்டுங்கா ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்தால், வாழையிலைக் கட்டுகளுக்கும் பூக்கடைகளுக்கும் நடுவே திராட்சை வண்டிகள் நிற்கும். தாராவி 90 அடி ரோட்டிலும் அதே வண்டி, செம்பூரிலும் அதே வண்டி. எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நாசிக் என்பார்கள், சில சமயம் சாங்லி. சரிதான். ஆனால் பழம் காய்த்த கொடிக்குத்தான் அந்தப் பதில் பொருந்தும். அந்தக் கொடி நிற்கும் வேரின் ஊரைக் கேட்டால் பதில் அமெரிக்காவுக்குப் போகிறது. டெக்சாஸ் மாநிலத்தில் பெல் கவுன்ட்டி என்ற பகுதி, அங்கே 'டாக் ரிட்ஜ்' என்றொரு இடம்.

மகாராஷ்டிராவின் திராட்சைத் தோட்டங்களில் பரவலாக நடப்படும் வேர்ச்செடியின் பெயரும் 'டாக்ரிட்ஜ்'தான். காட்டுக்கொடியாக வளர்ந்துகொண்டிருந்த அதைத் தேர்ந்தெடுத்துப் பெயர் வைத்து உலகத்துக்குக் கொடுத்தவர் தாமஸ் வோல்னி மன்சன். இறந்து நூறு வருடங்களுக்கு மேல் ஆகிறது. பிரான்சின் ஒயின் தொழிலைக் காப்பாற்றியவர் என்று இணையத்தில் இவரைக் கொண்டாடும் கட்டுரைகள் நிறைய. அதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு மிகை? நாசிக் விவசாயிக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

முதலில் பிரச்னை என்னவென்று பார்த்துவிடலாம்

சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணில் சில செடிகளின் இளம் இலைகள் மஞ்சளாகும். நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும், இடையில் எல்லாம் வெளுத்துப்போகும். செடிக்குச் சோகை என்று சொன்னால் தவறில்லை, ஏனென்றால் காரணம் இரும்புச்சத்துதான்.

வேடிக்கை என்னவென்றால், அந்த மண்ணில் இரும்பு குறைவாக இருக்காது. தேவைக்கு மேலேயே இருக்கும். ஆனால் மண்ணின் காரத்தன்மை, அதாவது பிஎச், ஏழரை எட்டைத் தாண்டும்போது இரும்பு தண்ணீரில் கரையாத வடிவத்துக்குப் போய்விடுகிறது. நம் பாஷையில் சொன்னால், கணக்கில் பணம் இருக்கிறது, ஓடிபி வரமாட்டேன் என்கிறது. மண்ணில் உள்ள பைகார்பனேட் வேறு நிலைமையை இன்னும் கெடுக்கும்.

சில செடிகளின் வேருக்கு மட்டும் இதற்கு வழி தெரியும். வேர் தன்னைச் சுற்றி அமிலத்தை வெளியிட்டு, தன் பக்கத்தில் உள்ள மண்ணின் காரத்தன்மையை மட்டும் கொஞ்சம் இறக்கிக்கொள்ளும். பிறகு இரும்பைக் கரையக்கூடிய வடிவத்துக்கு மாற்றி உறிஞ்சும். இந்தத் திறமை இனத்துக்கு இனம், ஒரே இனத்துக்குள்ளேயே செடிக்குச் செடி மாறும். அதனால்தான் சுண்ணாம்பு மண்ணுக்கு உரம் போட்டுப் போட்டு மாளாமல், அதைத் தாங்கும் செடியைத் தேடுகிறார்கள். மன்சனின் காலத்தில் இந்த வேதியியல் யாருக்கும் தெரியாது. அவரிடம் இருந்தது எந்தக் கொடி எந்த மண்ணில் பச்சையாக நிற்கிறது என்ற குறிப்புகள் மட்டுமே.

வெட்டுக்கிளியிடம் தோற்ற மனிதர்

மன்சன் பிறந்தது 1843 செப்டம்பர் 26, இல்லினாய்ஸ் மாநிலத்தில் அஸ்டோரியா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில். கென்டக்கியில் லெக்சிங்டன் நகரத்து விவசாயக் கல்லூரியில் படித்து 1870ல் பட்டம் பெற்றார். அதே வருடம் எல்லன் பெல் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். மாமனார் பூச்செடி, நாற்றுத் தொழில் செய்தவர். மன்சனுக்குத் திராட்சை மேல் கிறுக்குப் பிடித்ததற்குக் காரணம் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்த ராபர்ட் பீட்டரின் தோட்டம். பல ரகக் கொடிகளை அங்கே பார்த்தவர், வாழ்நாள் வேலையை முடிவு செய்துகொண்டார்.

1873ல் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரத்துக்குக் குடிபோனார். நாற்றுப் பண்ணை போட்டார், திராட்சையைக் கலப்பு செய்யப் பார்த்தார். குளிர் வந்தது, வறட்சி வந்தது, அதற்குமேல் வெட்டுக்கிளிப் படை வந்தது. மூன்று வருடத்தில் கடையைக் கட்டினார். இன்றைக்கு ஒரு ஸ்டார்ட்அப் நிறுவனர் இப்படி ஊரைவிட்டுப் போனால் லிங்க்ட்இன்னில் நாலு பதிவு வரும். மன்சன் 1876ல் பேசாமல் மூட்டை கட்டிக்கொண்டு டெக்சாஸின் வடக்கு எல்லையில் இருந்த டெனிசனுக்குப் போய்ச் சேர்ந்தார். அவருடைய சகோதரர்கள் அங்கே ஏற்கெனவே நிலம் வாங்கி விற்கும் தொழிலில் இருந்தார்கள். டெனிசன் 1872ல் ரயில் பாதைக்காக உருவான ஊர், அப்போது நாலே வயது.

அங்கே ரெட் ரிவர் ஆற்றங்கரை மேடுகளில் காட்டுத் திராட்சைக் கொடிகள் மரத்துக்கு மரம் ஏறிக் கிடந்தன. ஒன்று இரண்டு இனம் இல்லை, பல இனங்கள். நெப்ராஸ்காவில் வெளியூர்ச் செடியை அந்த ஊர் வானிலைக்குப் பழக்கப் பார்த்துத் தோற்றவருக்கு இங்கே விஷயம் புரிந்தது. அந்த மண்ணிலேயே ஆயிரக்கணக்கான வருடம் பிழைத்திருக்கும் செடியை எடுத்து, அதன் உடம்பில் நல்ல பழத்தின் குணத்தைச் சேர்க்க வேண்டும் என்று முடிவு செய்தார். மீதி வாழ்க்கை முழுக்க அவர் செய்தது அதைத்தான்.

ரயில் ஜன்னலில் ஒரு டேட்டாபேஸ்

டெக்சாஸ், பக்கத்து மாநிலங்கள் என்று ரயிலிலும் குதிரையிலும் சுற்றினார். பார்த்த கொடியின் இலை, விதை, பூ, பழுக்கும் மாதம், எந்த மண், ஆற்றங்கரையா மேட்டு நிலமா, பாறை என்ன பாறை, எல்லாவற்றையும் எழுதி வைத்தார். எனக்கு மன்சனைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். எக்செல் இல்லாத காலத்தில் அவர் செய்தது சுத்தமான தரவு வேலை. செடியின் பெயரை எழுதியவர்கள் அன்று நிறையப் பேர் இருந்தார்கள். பெயருக்குப் பக்கத்தில் மண்ணையும் சேர்த்து எழுதுவதில் இவ்வளவு அக்கறை காட்டியவர்கள் குறைவு.

1883ல் முதுகலைப் பட்டம் வாங்கினார். ஆய்வுப் பொருள் டெக்சாஸின் காடுகளும் மரங்களும். அடுத்த வருடம் நியூ ஆர்லியன்ஸில் தொடங்கிய உலகப் பருத்திக் கண்காட்சியில் அமெரிக்காவின் காட்டுத் திராட்சை இனங்களை வரிசையாக வைத்துக் காட்டினார்.

இந்தச் சமயம் கடலுக்கு அந்தப் பக்கம் பிரான்ஸ் அழுதுகொண்டிருந்தது.

845 கோடி லிட்டர் 234 கோடி ஆன கதை

ஃபிலாக்சரா என்பது அசுவினிக்குச் சொந்தக்காரப் பூச்சி. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு. திராட்சை வேரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும், வேர் அழுகும், கொடி சாகும். பூர்வீகம் வட அமெரிக்கா. அங்கே உள்ள காட்டுக்கொடிகள் இந்தப் பூச்சியோடு பழகியவை, அதனால் பிழைத்துக்கொள்ளும். அமெரிக்கக் கொடிகளோடு கப்பலேறி 1860களில் பிரான்சுக்கு வந்தபோது, ஐரோப்பியக் கொடிகளுக்கு இது புது எதிரி. 1868ல் ழூல் எமில் பிளான்ஷோன் முதலியோர் வேரைத் தோண்டிப் பார்த்து இதுதான் குற்றவாளி என்று கண்டுபிடித்தார்கள்.

1875ல் பிரான்சின் ஒயின் உற்பத்தி சுமார் 845 கோடி லிட்டர். 1889ல் சுமார் 234 கோடி லிட்டர். அதாவது 14 வருடத்தில் நான்கில் மூன்று பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் காணாமல் போனது. அரசாங்கம் மருந்து கண்டுபிடிப்பவருக்கு 3 லட்சம் பிராங்க் பரிசு என்று அறிவித்தது. அந்தப் பணம் கடைசிவரை யாருக்கும் தரப்படவில்லை.

தீர்வு என்று வந்தது ஒட்டுக்கட்டுதல். கீழே பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர், மேலே பிரெஞ்சுத் திராட்சை. நம் ஊர் மாமரத்துக்குச் செய்வதேதான். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த யோசனை மன்சனுடையது இல்லை. பிரான்சில் லாலிமான், பிளான்ஷோன், அமெரிக்காவில் மிசோரி மாநிலப் பூச்சியியலாளர் சார்ல்ஸ் ரைலி ஆகியோர் அவருக்கு முன்பே இதைப் பேசியவர்கள். 1870களிலேயே மிசோரியிலிருந்து ஏராளமான குச்சிகள் பிரான்சுக்குப் போய்விட்டன. அனுப்பியவர்களில் ஹெர்மன் யேகர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் முக்கியமானவர். 1895ல் வீட்டைவிட்டுக் கிளம்பிய அவர் திரும்பி வரவே இல்லை. அவருக்கு என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது. வாட்ஸ்அப் வரலாற்றில் அவர் பெயர் வருவதில்லை, மன்சன் பெயர் மட்டும் வருகிறது.

அப்படியானால் மன்சன் செய்தது என்ன?

பூச்சி பிரச்னை தீர்ந்தது, மண் பிரச்னை தொடங்கியது

மிசோரியிலிருந்து போன வேர்கள் ஆற்றோர வண்டல் மண்ணில் வளர்ந்தவை. பிரான்சின் பல பகுதிகளில் நன்றாகவே வந்தன. ஆனால் கான்யாக் ஊர் இருக்கும் ஷராந்த் வட்டாரம் சுண்ணாம்புப் பாறைமேல் கிடக்கிறது. ஷாம்பெய்ன் பகுதியும் அப்படித்தான். அங்கே நட்ட ஒட்டுச்செடிகள் பூச்சியிடம் தப்பித்து, மண்ணிடம் மாட்டின. இலை மஞ்சளாகி, வெளுத்து, செடி செத்தது. முதலில் பூச்சியால் தோட்டத்தை இழந்து, கடன் வாங்கி ஒட்டுச்செடி நட்டு, அதுவும் கண் முன்னால் வெளுத்துப்போவதைப் பார்த்த விவசாயியை நினைத்துப் பாருங்கள்.

1887ல் பிரெஞ்சு அரசாங்கம் மோன்பெலியே நகரத்துப் பேராசிரியர் பியேர் வியலாவை அமெரிக்காவுக்கு அனுப்பியது. வேலை ஒன்றுதான், சுண்ணாம்பு மண்ணில் தானாக வளரும் அமெரிக்கத் திராட்சையைக் கண்டுபிடிப்பது. கிழக்குக் கரையிலிருந்து தேடிக்கொண்டே வந்தவர் டெக்சாஸை அடைந்து மன்சனைச் சந்தித்தார். இதற்காகவே தயாரித்து வைத்ததுபோல மன்சனிடம் பதில் இருந்தது. மத்திய டெக்சாஸின் சுண்ணாம்பு மலைப்பகுதிகள், பெல் கவுன்ட்டி சுற்றுவட்டாரம். அங்கே வெள்ளை வெளேரென்ற பாறைச் சரிவில் பெர்லாண்டியேரி என்ற இனம் பச்சைப்பசேல் என்று நிற்கிறது. வியலா போய்ப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார், தேடியது இதுதான் என்று முடிவு செய்தார். குச்சிகள் பிரான்சுக்குக் கப்பலேறின. 1889ல் வியலாவின் பயண அறிக்கை புத்தகமாக வந்தது.

பெர்லாண்டியேரியைக் கண்டுபிடித்தவர் மன்சன் என்று எழுதுவது தவறு. அதற்கு 1880லேயே பெயர் சூட்டியவர் பிளான்ஷோன். டெக்சாஸில் செடி சேகரித்துத் திரிந்த ழான் லூயி பெர்லாண்டியே என்பவரின் நினைவாக வைத்த பெயர் அது. பிரெஞ்சு ஆய்வாளர்களிடம் அந்தச் செடியே கொஞ்சம் இருந்தது. அவர்களிடம் இல்லாத தகவல், அது இயற்கையில் எந்த மண்ணில், எவ்வளவு சுண்ணாம்பில் நிம்மதியாக வாழ்கிறது என்பது. மன்சன் கொடுத்தது அந்தத் தகவல். என் கணக்கில் கண்டுபிடிப்பைவிட அது குறைந்தது இல்லை.

கதை அங்கே சுபமாக முடியவும் இல்லை. பெர்லாண்டியேரி குச்சியை வெட்டி நட்டால் வேர் பிடிப்பதில்லை. திராட்சைத் தொழிலே குச்சி நட்டுப் பெருக்குவதுதான், வேர் பிடிக்காத குச்சியை வைத்துக்கொண்டு என்ன செய்ய? ஆகவே அதைச் சுலபமாக வேர் பிடிக்கும் இனங்களோடு கலப்பு செய்தார்கள். சுண்ணாம்பைத் தாங்கும் குணம் ஒரு பக்கத்திலிருந்து, வேர்விடும் குணம் இன்னொரு பக்கத்திலிருந்து. மில்லார்தே, ரிஷ்டர் போன்றவர்களின் உழைப்பில் 41பி, 420ஏ, 110 ரிஷ்டர் என்று எண்களையே பெயராகக் கொண்ட வேர்ச்செடிகள் வந்தன. கான்யாக்கிலும் ஷாம்பெய்னிலும் கொடிகள் மறுபடி நின்றது 41பி போன்றவற்றின் மேல்.

1888ல் பிரான்ஸ் மன்சனுக்கு விவசாயச் சேவைக்கான 'மெரித் அக்ரிகோல்' விருதை வழங்கியது. பல இடங்களில் இதை லெஜியன் ஆஃப் ஹானர் என்று எழுதுகிறார்கள், இரண்டும் வேறு வேறு விருதுகள். டெனிசனும் கான்யாக்கும் இன்று சகோதர நகரங்கள்.

அவருக்குப் பிடித்த வேலை வேறு

உலகம் அவரை வேருக்காக நினைவு வைத்திருக்கிறது. அவர் உயிரைக் கொடுத்துச் செய்ததோ பழம். காட்டுக்கொடிகளையும் தோட்டக்கொடிகளையும் கலந்து 300க்கும் மேற்பட்ட புது ரகங்களை உருவாக்கினார். ஒரு கலப்புக்கு என்ன செய்ய வேண்டும் தெரியுமா? பூ விரியும் முன்பே இடுக்கியால் ஒவ்வொரு சின்னப் பூவிலிருந்தும் மகரந்தப் பையை எடுக்க வேண்டும். இன்னொரு கொடியின் மகரந்தத்தைத் தடவி, உறை போட்டுக் கட்ட வேண்டும். விதை எடுத்து, முளைக்க வைத்து, காய்க்கும்வரை சில வருடம் காத்திருந்தால், பெரும்பாலான நாற்றுகள் எதற்கும் உதவாதவையாக இருக்கும். பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து. இதை முப்பது வருடத்துக்கு மேல் செய்தார்.

அனுபவம் முழுவதையும் 1909ல் அமெரிக்கத் திராட்சை வளர்ப்பு பற்றிய பெரிய புத்தகமாக எழுதினார். 1913 ஜனவரி 21 அன்று டெனிசனில் இறந்தார். ஏழு வருடம் கழித்து அமெரிக்காவில் மதுவிலக்கு வந்தது. திராட்சைத் தோட்டங்கள் அழிந்தன, அவருடைய ரகங்கள் பல காணாமல் போயின. 1970களில் ஆர்வலர்கள் தேடித் தேடி எடுத்தவற்றை டெனிசனில் உள்ள கிரேசன் கல்லூரியில் நினைவுத் தோட்டமாக வைத்திருக்கிறார்கள்.

நம் ஆட்களுக்கு ஒரு தகவல். மன்சன் உருவாக்கிய 'பெய்லி' ரகத்தை ஜப்பானில் கவகாமி சென்பே என்பவர் 1927ல் மஸ்கட் ஹாம்பர்க்கோடு கலப்பு செய்தார். பிறந்த 'மஸ்கட் பெய்லி ஏ' ஜப்பானின் புகழ்பெற்ற சிவப்பு ஒயின் திராட்சை. அதன் ஒரு பெற்றோரான மஸ்கட் ஹாம்பர்க் யார்? 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம கம்பம் பன்னீர் திராட்சைதான்.

சரி, நாசிக்குக்கு எப்படி வந்தது?

இந்தியாவில் ஃபிலாக்சரா ஒரு தொல்லையாக இருந்ததில்லை. அதனால் ரொம்பக் காலம் இங்கே யாரும் வேர்ச்செடி பற்றிக் கவலைப்படவில்லை. திராட்சைக் குச்சியை நேராக மண்ணில் நட்டார்கள், அதன் சொந்த வேரிலேயே வளர்த்தார்கள்.

சிக்கல் மண்ணிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வந்தது. தக்காணத்துக் கரிசல் மண்ணில் சுக்கான் கற்கள் கலந்து கிடக்கும், காரத்தன்மை இயல்பாகவே ஜாஸ்தி. அதற்குமேல் மழை பொய்த்த வருடங்களில் போர்வெல்லை ஆழமாகத் தோண்டினார்கள், உப்பும் பைகார்பனேட்டும் கலந்த தண்ணீர் வந்தது. சொந்த வேரில் நின்ற தாம்சன் சீட்லெஸ் கொடிகள் சோர்ந்தன, மகசூல் விழுந்தது. பந்தல், சொட்டுநீர், மருந்து என்று பெரும் பணம் போட்ட தோட்டத்தை வெட்டிப் போடவும் முடியாது. 1990களில் மகாராஷ்டிர விவசாயிகள் வேர்ச்செடிக்கு மாறத் தொடங்கினார்கள். 1997ல் புனே பக்கத்தில் மாஞ்சரியில் தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம் தொடங்கியது.

அப்போது பெரிய அளவில் பரவியதுதான் டாக்ரிட்ஜ். இது மன்சன் கலப்பு செய்தது இல்லை. டெக்சாஸின் சுண்ணாம்பு நிலத்தில் இரண்டு காட்டு இனங்கள் தாமாகவே கலந்து உருவான சாம்பினி வகையிலிருந்து அவர் தேர்ந்தெடுத்த கொடி. வறட்சியைத் தாங்கும், வேரைத் தாக்கும் நூற்புழுவைத் தாங்கும், உப்பையும் ஓரளவு தாங்கும். குச்சியை வெட்டி நட்டே பெருக்குவதால் ஒவ்வொரு டாக்ரிட்ஜும் முந்தைய டாக்ரிட்ஜின் நகல். அதாவது நாசிக்கிலும் சாங்லியிலும் சோலாப்பூரிலும் மண்ணுக்குக் கீழே இருப்பது, மன்சன் தேர்ந்தெடுத்த அந்த ஒரே கொடிதான்.

விவசாயி வருட ஆரம்பத்தில் டாக்ரிட்ஜ் நாற்றை நடுவார். அது மழைக்காலம் முழுக்க வளரும். மழை ஓயும் சமயத்தில் தண்டை வெட்டி, ஆப்பு வடிவத்தில் சீவிய தாம்சன் குச்சியைச் செருகிக் கட்டுவார்.

குறை இல்லாமலும் இல்லை. டாக்ரிட்ஜ் அளவுக்கு மீறிக் கொழுத்து வளரும் வேர். அந்த வேகத்தில் மேலே உள்ள கொடி இலையாகத் தள்ளிவிட்டு, பூங்கொத்தைக் குறைத்துவிடும். தண்ணீரையும் தழைச்சத்தையும் இழுத்துப் பிடித்துத்தான் அதைக் காய்க்க வைக்க முடியும். சோடியம் அதிகமுள்ள நிலத்தில் அது சோடியத்தை மேலே ஏற்றிவிடுகிறது என்ற கவலையும் ஆய்வாளர்களுக்கு இருக்கிறது. மாநிலம் முழுக்க ஒரே வேரை நம்பியிருப்பது தனி ஆபத்து, ஒரு புது நோய் வந்தால் எல்லாத் தோட்டமும் ஒரே மாதிரி அடிவாங்கும்.

அதனால் இப்போது புதுத் தோட்டம் போடுபவர்களிடம் முதலில் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள். முடிவைப் பார்த்து வேர் தேர்வு செய்ய வேண்டும். டாக்ரிட்ஜுக்கு மாற்றாக அதிகம் பேசப்படுவது 110 ரிஷ்டர். அதன் பெற்றோரில் ஒன்று, 1887ல் மன்சன் வியலாவைப் பார்க்கச் சொன்ன அதே பெர்லாண்டியேரி.